அவள் பக்கத்துக் கடிகாரம்

வேண்டாம் தம்பி, மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். உள்ளே மடிக்கணினி இருக்கிறது. பேருந்து குலுங்கினால் வன்தட்டுக்கு ஆகாது. வன்தட்டு என்றால், எல்லாரும் ஹார்ட் டிஸ்க் என்கிறார்களே, அதுதான். உள்ளே ஒரு தகடு சுழலும். அதன்மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முள் ஓடும். அணைத்து வைத்திருக்கும்போது சுழலாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் மடியில் இருந்தால் மனத்துக்கு ஒரு நிம்மதி. நீங்கள் கேட்டதே பெரிது. நன்றி.

மதுரை வரைக்குமா? நல்லது. நான் திருநகரில் இறங்க வேண்டும். அங்கே என் மகள் உமாராணி இருக்கிறாள். என் மனைவியும் அங்கேதான் இருக்கிறாள். ஏழு மாதமாக. இல்லை இல்லை, சண்டை என்று சொல்ல முடியாது. ஒரு தொழில்நுட்பக் கோளாறு. அதைச் சரிசெய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் போகிறேன்.

என் பேச்சு உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? சிரிப்பை அடக்குகிறீர்கள். பரவாயில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இராசபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பண்டகக் காப்பாளராக இருந்தேன். ஸ்டோர் கீப்பர். உதிரிபாகங்களோடு வரும் விளக்கப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தே ஆங்கிலம் கற்றேன். தமிழை நூலகத்தில் கற்றேன். ஆகவே அச்சில் இருப்பதுபோல்தான் எனக்குப் பேச வரும். என் மனைவி சீனியம்மாளுக்கு அது பிடிக்காது. "ஒரு வா தண்ணி கேக்குறதுக்குக்கூட செய்தி வாசிக்கணுமா?" என்பாள். "நீங்க அருந்தத் தண்ணீர் வேண்டும்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாகமே வந்துருது, நானே குடிச்சிருவேன்" என்பாள். நகைச்சுவை உணர்வு உள்ளவள்.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டீர்கள். தொந்தரவு என்றால் சொல்லுங்கள். வீட்டில் பேச ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பால்காரர் தினமும் வருகிறார்.

இந்த மடிக்கணினி உமாராணி பயன்படுத்தியது. புதிது வாங்கியதும் இதை வீட்டுக்கு அனுப்பினாள். பெட்டியின்மேல் அம்மாவின் பெயரைத்தான் எழுதியிருந்தாள். சீனியம்மாளின் அக்காள் அன்னத்தாய் பினாங்கில் இருந்தார். அவரோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று இவள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவன் மனைவிக்குள் யார் பெயர் எழுதினால் என்ன? வீட்டுக்கு வந்த பொருள் இருவருக்கும் பொது.

வந்த மறுநாளே நான் அதைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் இருந்தது. தம்பி, உங்களுக்கு லினக்ஸ் தெரியுமா? கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அது போதும். அது யாருக்கும் உரிமையில்லாத, ஆகவே எல்லாருக்கும் உரிமையான இயங்குதளம். நூலகத்தில் அதைப்பற்றி ஒரு புத்தகத்தை மூன்று முறை புதுப்பித்துப் படித்து வைத்திருந்தேன். கணினிதான் இல்லை. இப்போது கணினி வந்துவிட்டது. ஆனால் சீனியம்மாளுக்கு விண்டோஸில்தான் மகள் எல்லாம் அமைத்துக் கொடுத்திருந்தாள். அதை அழிப்பது முறையன்று. ஆகவே பாகம் பிரித்தேன்.

ஆம், வன்தட்டைப் பாகம் பிரிக்கலாம். ஒரே நிலத்தில் வரப்புப் போடுவதுபோல. இந்தப் பக்கம் அவளுக்கு விண்டோஸ், அந்தப் பக்கம் எனக்கு லினக்ஸ். முதலில் அவள் பக்கத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கி வரும் காலியிடத்தில் என்னுடையதை நிறுவ வேண்டும். கடைக்காரர்களே அஞ்சும் வேலை; கை தவறினால் இரண்டும் போய்விடும். நான் முதலில் அவளுடைய படங்களை எல்லாம் வேறொன்றில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து செய்தேன். ஒரு படம்கூடச் சேதமாகவில்லை. ஐந்தில் மூன்று பங்கு எனக்கு, இரண்டு பங்கு அவளுக்கு. அவளுக்கு அவ்வளவு போதும். முகம் பார்த்துப் பேசுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

முடித்ததும் அவளை அழைத்துக் காட்டினேன். கணினியைத் திறந்தால் முதலில் இரண்டு பெயர்கள் வரும். பத்து நொடி காத்திருக்கும். அதற்குள் யாருடையது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக என்னுடையது திறந்துகொள்ளும்.

"ஏன், ரெண்டையும் சேத்துத் தொறக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"முடியாது. ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று உறங்கும். அதுதான் அமைப்பு" என்றேன்.

"அப்ப நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

பாராட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

முற்பகல் எனக்கு, பிற்பகல் அவளுக்கு என்று நேரமும் வகுத்தேன். கடவுச்சொல்லும் வைக்கச் சொன்னேன். அவள் பக்கத்துக்கு அவளே வைக்க வேண்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னத்துக்குங்க பூட்டு? சொல்லிர்றேன், கேட்டுக்கோங்க" என்றாள். காதைப் பொத்திக்கொண்டேன். ஆம், உண்மையாகவே பொத்திக்கொண்டேன். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழையக்கூடாது. பண்டகசாலையில் முப்பத்தோராண்டு இருந்தவன் நான். பேரிங் வைக்கும் இடத்தில் பேரிங். பெல்ட் வைக்கும் இடத்தில் பெல்ட். முறை என்று ஒன்று இருக்கிறது.

கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டதா? அதற்குள்ளா?

நடத்துநர் கேட்பது காதில் விழுந்ததா? "பெரியவரே, புள்ளையத் தூக்கி வச்ச மாதிரி வச்சிருக்கீங்களே, அதுக்கு அரை டிக்கெட் போடவா?" என்கிறார். கலகலப்பானவர். சீனியம்மாள் இருந்தால் பதில் சொல்லியிருப்பாள். எனக்கு அந்த வேகம் வராது.

எங்கே விட்டேன்? கோளாறு. கோளாறு இதுதான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் என்னிடம் வந்து, "என் பக்கத்துல மணி தப்பாக் காட்டுதுங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு அவள் பக்கம் காலை ஒன்பதரை காட்டியது. என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூன்று மணி. மிகச் சரியாக இருந்தது.

காரணத்தை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். கணினிக்குள் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் ஓடும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். விண்டோஸின் வழக்கம் வேறு. அந்தக் கடிகாரத்தில் என்ன இருக்கிறதோ அதையே ஊர் நேரம் என்று நம்பும். இருவர் மேலும் குற்றமில்லை. அவரவர் வழக்கப்படி அவரவர் சரி. ஆனால் என் பக்கத்தைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவள் பக்கம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடும். இதை அவளுக்குத் தாளில் படம் வரைந்தே விளக்கினேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, இத மாத்த முடியுமா முடியாதா?" என்றாள்.

"என் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. நீ தினமும் உன் பக்கத்தைத் திருத்திக்கொள். ஒரு நிமிட வேலை" என்றேன்.

"உங்க பக்கம் சரியா இருந்தா ஊருக்கே விடிஞ்சிருமா?" என்றாள். ஆனாலும் திருத்திக்கொண்டாள். தினமும் பிற்பகலில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைத் திருத்துவாள். பிறகு அக்காளை அழைப்பாள். இரண்டு பேரும் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைத்தோம் என்பதையே ஒரு மணி நேரம் பேசுவார்கள். நான் அடுத்த அறையில் இருப்பேன். கேட்கமாட்டேன். கேட்கும், ஆனால் கேட்கமாட்டேன். விளங்குகிறதா, தம்பி?

அதை மாற்ற வழி இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஒரே ஒரு வரி. என் பக்கம் அந்த வரியை எழுதினால் லினக்ஸும் ஊர் நேரத்துக்கு ஒத்துக்கொள்ளும். நான் படித்த புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குக் கீழேயே, இவ்வாறு செய்வது பரிந்துரைக்கப்படவில்லை என்றும் அச்சிட்டிருந்தார்கள். பரிந்துரைக்கப்படாத ஒன்றை எப்படிச் செய்வது? அதுவும் சரியாக இருக்கும் பக்கத்தில் கைவைத்து?

சரி. அந்த நாளைச் சொல்கிறேன்.

அன்னத்தாய் அண்ணியார் படுத்துவிட்டார். மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பேச்சு இருந்தது, ஆனால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. உள்ளே கைப்பேசியைப் பார்வையாளர் நேரத்தில் மட்டுமே அனுமதிப்பார்களாம். அவருடைய மகன், "சித்தி, உங்க ஊர் நேரம் நாலு மணிக்கு நீங்க கூப்பிடுங்க. அம்மா முகத்துக்கு நேரா நான் பிடிச்சுக்கிறேன். உங்ககிட்ட என்னமோ சொல்லணுங்கிறாங்க" என்று சொல்லியிருந்தான்.

சீனியம்மாள் இரண்டு இரவாக உறங்கவில்லை. அன்று காலை, முற்பகலையும் தனக்கே விடுமாறு கேட்டாள். விட்டுக்கொடுத்தேன். அதில் நான் கஞ்சத்தனம் காட்டவில்லை. அவள் கடிகாரத்தைத் திருத்தி, நான்கு மணிக்கு எழுப்பு மணி வைத்து, கணினியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலிமேல் திறந்தபடியே வைத்தாள். சோறு தின்றுவிட்டுத் தலையைச் சாய்த்தாள். அப்படியே உறங்கிவிட்டாள். "நாலு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். எழுப்பி விடுங்கள் என்று சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். சொல்லவில்லை.

எனக்கு அன்று முற்பகல் போயிற்று. என் பக்கத்தில் ஒரு புதிய தமிழ் எழுத்துரு நிறுவுகிற வேலை பாதியில் நின்றிருந்தது. அவளோ உறங்குகிறாள், கணினி சும்மா இருக்கிறது. மூன்று மணி இருக்கும். மெதுவாக எடுத்தேன். அவள் திறந்து வைத்திருந்த எதையும் மூடவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே ஆழ்ந்த உறக்கத்தில் வைக்க ஒரு வழி இருக்கிறது. விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்படி வைத்தேன். என் பக்கத்தைத் திறந்து வேலையை முடித்தேன். மறுபடி மூடி, அவள் பக்கத்தை விழிக்கவைத்து, முக்காலிமேல் அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தேன். தொட்ட சுவடே இல்லை. பண்டகசாலையில் எடுத்த பொருளை அப்படித்தான் வைப்போம்.

அவள் பக்கம் பூட்டிய திரையோடுதான் திறக்கும். அதில் கடிகாரம் தெரியும். காலை பத்து மணிக்குச் சற்று முன்பு என்று காட்டியது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது அவள் பக்கம். பூட்டைத் திறக்கக் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. எழுந்ததும் வழக்கம்போல் திருத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். வழக்கம் அதுதானே?

பிறகு கட்டிலுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன்.

ஆம். நான்கு மணிக்கும் அங்கேதான் இருந்தேன். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருக்கிறது. நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. இரண்டு நாளாக உறங்காதவள். அவள் பக்கத்து வேலையில் நான் தலையிடுவதில்லை.

அங்கிருந்து அவர்களும் அழைத்துப் பார்த்திருக்கிறார்கள். நேரம் தவறியிருக்கும் கணினியை அந்த அழைப்புச் செயலி உள்ளே விடாதாம். பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். என் கைப்பேசி எண்ணை அவர்களுக்கு நான் கொடுத்ததில்லை. தேவைப்பட்டதில்லை.

அவளாகவே கண் விழித்தாள். சன்னலைப் பார்த்தாள். வெயில் இறங்கியிருந்தது.

"மணி என்னங்க?"

"ஐந்தேகால்."

எழுந்து உட்கார்ந்தாள். கணினியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க இங்கதான இருந்தீங்க?"

"இங்கேதான் இருந்தேன்."

"நாலு மணிக்கு?"

"நான்கு மணிக்கும்."

கோபமாகப் பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் பதில் இருந்தது. அந்த உலகப் பொது நேரம், அந்தச் சிறு கடிகாரம், எல்லாம் தயாராக இருந்தன. அவள் கேட்கவே இல்லை.

கணினியைத் தொடாமல், என் கைப்பேசியை வாங்கி உடனே பினாங்குக்கு அழைத்தாள். அக்காள் மகன் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். "நாளைக்குப் பேசலாம் சித்தி" என்றான். அன்றிரவு ஒன்பதரைக்கு எழுப்பு மணி அடித்தது. நொடி பிசகாமல் அடித்தது. அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், அதை நிறுத்தவில்லை. தானாக ஓயும்வரை அடித்தது. நானும் நிறுத்தவில்லை. அவள் பக்கம்.

மறுநாள் காலையில் செய்தி வந்துவிட்டது.

கல்லுப்பட்டியா? தேநீர் குடிக்கிறீர்களா? நீங்கள் போய்க் குடித்துவிட்டு வாருங்கள். நான் இறங்கினால் இதைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

வந்துவிட்டீர்களா? எனக்கும் ஒன்று வாங்கி வந்தீர்களே! சர்க்கரை போடாமலா? நான் சொல்லவில்லையே. உங்கள் தகப்பனாருக்கும் சர்க்கரை வேண்டாமா? அதுதான் கேட்காமலேயே வாங்கிவிட்டீர்கள். நல்லது. சூடாக இருக்கிறது.

துக்கம் கேட்க உமாராணி வந்தாள். திரும்பும்போது அவளோடு சீனியம்மாளும் கிளம்பினாள். "நாலு நாள் இருந்துட்டு வாறேன்" என்றாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, "உங்க மாத்திரை மேத்தட்டுல இருக்கு" என்றாள். மகள், "கம்ப்யூட்டர எடுத்துக்கலையாம்மா?" என்று கேட்டாள். "அதுல பாதி உங்கப்பாவோடதுடீ" என்றாள். நியாயமாகப் பேசுபவள். அதை நான் எப்போதும் சொல்வேன்.

நாலு நாள் ஏழு மாதமாகிவிட்டது. கடிகாரம் தவறியதால்தான் போனாள் என்பது எனக்குப் பிறகு விளங்கியது. போன மாதம் அந்த வரியை எழுதிவிட்டேன். இப்போது என் பக்கம் ஊர் நேரத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது. பரிந்துரைக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை இன்னமும் வருகிறது, வரட்டும். தேர்வுப் பட்டியலையும் மாற்றிவிட்டேன். பத்து நொடியில் நான் எதையும் அழுத்தாவிட்டால் இப்போது அவள் பக்கம்தான் திறக்கும்.

சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும், இல்லையா? ஆகவே தினமும் பிற்பகலில் கணினியைத் திறந்து, எதையும் அழுத்தாமல் இருப்பேன். பத்து நொடி போகும். அவள் பக்கம் வரும். பூட்டிய திரை. மகள் வைத்துக் கொடுத்த ஒரு படம்: சீனியம்மாளும் அக்காளும் இளவயதில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. அதன்மேல் கடிகாரம். நான்கு மணி ஆகும்வரை பார்ப்பேன். ஒரு நாளும் தவறவில்லை. அதற்குமேல் உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். அன்றைக்குக் காதைப் பொத்தாமல் இருந்திருந்தால், உள்ளே போய் எழுப்பு மணியும் சரியாக அடிக்கிறதா என்று சோதித்திருக்கலாம். அது ஒன்றுதான் சோதிக்கப்படாமல் இருக்கிறது.

என் பக்கத்தை இப்போது அவ்வளவாகத் திறப்பதில்லை. அந்த எழுத்துரு அழகாகத்தான் இருக்கிறது. எழுதுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இன்றைக்கு ஏன் கிளம்பினேன் என்றா? உமாராணி நேற்று அழைத்தாள். "அப்பா, அம்மாவோட ஆதார் அட்டை அங்க பீரோவுல இருக்காம். கூரியர்ல அனுப்பிருங்க. அட்ரஸ இங்க மாத்தணுமாம்" என்றாள். வெறும் நிர்வாக நடைமுறை. ரேஷனுக்கோ எதற்கோ தேவைப்படும். ஆனால் கூரியரில் எதற்கு? நேரிலேயே கொடுத்துவிடலாம், இதையும் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

அட்டையா? அதை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. வயதாகிவிட்டது அல்லவா? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பண்டகக் காப்பாளன் என்றால் மறதியே வரக்கூடாதா?

போனதும் என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட வகுத்து வைத்திருக்கிறேன். முதலில் இரண்டு இயங்குதளங்களின் நேர வழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்வேன். பிறகு அந்த ஒரு வரியின் பயன். பிறகு கணினியை அவள் எதிரிலேயே திறந்து, இரண்டு பக்கமும் ஒரே நேரம் காட்டுவதை மெய்ப்பித்துவிடுவேன். இனி ஒரு நாளும் தவறாது என்று உறுதி சொல்வேன். அப்புறம் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? கடைசிப் பேருந்து எட்டரைக்கு இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன்.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, காதில் விழுந்தது. எழுப்பியிருக்கலாமே என்றீர்கள்.

அலாரம் வைத்திருந்தாள், தம்பி. சொன்னேனே. அவளாக வைத்தது. எழுப்பச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால்...

திருமங்கலம் தாண்டிவிட்டோம் போலிருக்கிறது. இந்தச் சாலை இப்போது அகலமாகிவிட்டது. முன்பெல்லாம் இரண்டு பக்கமும் புளிய மரங்கள் நிற்கும்.

நீங்கள் வாங்கித் தந்த தேநீர்க் குவளை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. சன்னலுக்கு வெளியே போட வேண்டாம். நானே பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

நடத்துநர் கூப்பிடுகிறார். "திருநகர் பெரியவரே, திருநகர்! புள்ளைய எழுப்பித் தூக்கிட்டு வாங்க!" எழுந்துகொள்கிறேன். இதைச் சற்றுப் பிடியுங்கள், வார் தோளில் சிக்கிக்கொண்டது. சரி, வந்துவிட்டது.

உங்கள் கைக்கடிகாரத்தில் மணி என்ன? நான்காகப் போகிறதா?

இந்த நேரத்தில் அவள் உறங்கிக்கொண்டிருப்பாள், தம்பி. சோறு தின்றுவிட்டுச் சற்றுக் கண்ணயர்வாள். வாய் சற்றுத் திறந்திருக்கும். நான் போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தால், ஐந்தேகால் ஆனாலும் உட்கார்ந்துதான் இருப்பேன். என் வழக்கம் எனக்குத் தெரியும்.

வருகிறேன் நடத்துநரே, ஒரு நிமிடம். தம்பி, நீங்கள் சொல்லுங்கள். எழுப்பலாமா? அவள் கேட்காமலேயே... எழுப்பலாம்தானே?